மச்சக் கத்தரிக்காய்

ஒரு பெண்ணின் தோட்டத்துக் கத்தரிக்காயை மச்சம் என்று நான் கோயில் மடத்தில் வைத்துச் சொன்னேன். அது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அந்த ஒரு சொல்லால், அவர் கல்லிலிருந்து உண்டாக்கிய நிலம் அவர் கையைவிட்டுப் போனது.

மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீனும் இறைச்சியும். விரத நாளில் மச்சம் காய்ச்சிய சட்டியை அடுக்களைக்குள்ளேயே வைக்கமாட்டார்கள். திருவிழாக் காலத்தில் ஊர் முழுவதும் அதை விட்டுவிடும். அப்படிப்பட்ட ஊரில், கொடியேற்றத்துக்கு முதல் நாள், ஒருவருடைய காய்கறியைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் ஆசிரியன். பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தராதரப் பத்திரம் வாங்கியவன். பிள்ளைகளுக்குத் தோட்டப் பாடம் கற்பித்தவன். வேர் மண்ணிலிருந்து எதைக் குடிக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன்.

வயது போன பிறகு இதை எழுதுகிறேன். எழுதும்போது கோபம்தான் முன்னுக்கு வருகிறது. முதலில் என்மீது. பிறகு, அன்று மடத்தில் இருந்து சிரித்த எல்லோர்மீதும்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். அரிசி கூப்பனுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு காய்கறி நடவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களுக்குத் தோட்டம் கட்டாயம். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம். செம்மண், ஆழமான கிணறு, தண்ணீர் இறைக்கத் துலா. கமக்காரர்கள் பசளையில் கெட்டிக்காரர்கள். வேலியில் நிற்கிற பூவரசிலும் கிளுவையிலும் குழை வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். பனையோலையைக் கிழித்துப் புதைப்பார்கள். மாரி முடிந்தால் ஆட்டுப் பட்டி கொண்டுவந்து தோட்டத்தில் அடைப்பார்கள். நாளுக்கு ஒரு துண்டாகப் பட்டியை நகர்த்தி நிலம் முழுவதற்கும் புழுக்கையும் மூத்திரமும் சேர்ப்பார்கள். இவ்வளவும் சுத்தம். இதில் விளைந்தது கோயிலுக்கு ஆகும்.

அந்தப் பெண் எங்கள் ஊரில் பிறந்தவர் அல்லர். பருத்தித்துறைக் கரையைச் சேர்ந்தவர். கணவர் வண்டிற்காரர்; கரையிலிருந்து கருவாடும் உப்பும் ஏற்றிவந்து ஊர் ஊராக விற்பார். எங்கள் கோயில் காணியின் மூலையில் ஒரு கலட்டி கிடந்தது. கல்லும் நாகதாளியும் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஊரில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்காதபடியால் கோயில் மனேச்சர் அதை அவர்களுக்குக் கொடுத்தார். திருவிழா நாட்களில் மடத்து அன்னதானத்துக்குக் காய்கறி கொடுக்கவேண்டும். மிச்சத்தை விற்றுப் பிழைக்கலாம். பேச்சு அவ்வளவுதான்.

அவர் கல்லைப் பொறுக்கி வரம்பு கட்டினார். கணவருடைய வண்டிலில் ஒவ்வொரு முறையும் கருவாட்டோடு கடற்கரையில் ஒதுங்கிய சாதாளையும் வந்தது. கயிறு கயிறாகக் கிடக்கும் அந்தக் கடற்பாசியை மழையில் போட்டு உப்புக் கழுவி, பாத்திக்குப் பரப்புவார். மீன் வெட்டுகிற இடத்தில் கழிக்கிற தலையும் குடலும் மூடிய ஓலைப் பறியில் வந்தன. அவற்றையும் புதைத்தார். புகையிலைக் காம்பை அவித்து, சவர்க்காரச் சீவலைக் கரைத்து, அழுக்கணவன் பூச்சி மொய்த்த பயற்றங்கொடிக்குத் தெளித்தார். காலைப் பனி காயுமுன் சாம்பலைக் கையில் எடுத்துப் பூசணி இலைகளுக்குத் தூவினார். கத்தரிக் குருத்து வாடித் தலை சாய்ந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கிள்ளி எடுத்து அடுப்பில் போடுவார். போடும்போது புழுவை வைவார். வேலிக்கு வெளியே போகிறவர்களுக்கும் அந்த வசையில் பங்கு இருப்பதுபோல இருக்கும். அடக்கமான பெண் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். தன் காய்தான் ஊரிலே பெரிய காய் என்று தெருவில் நின்று சத்தமாகச் சொல்லுவார். அது உண்மையாகவும் இருந்தது. அதை ஊர் பொறுக்கவில்லை.

முதல் வருடம் அவருடைய மிளகாய்க் கன்றுகள் கருகிப்போயின. பள்ளிக்கூட வேலிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியார், பெடியளுக்குப் படிப்பிக்கிறதை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. கண்டெல்லாம் நெருப்புப் பட்டமாதிரிக் கிடக்கு."

"என்ன போட்டனி?"

என்னைவிட மூத்தவர். நான் நீ என்றுதான் கதைத்தேன். அன்றைய வழக்கம் அது. வழக்கம் என்பதால் அது சரியாகிவிடவில்லை.

"மீன்தலை. வேறை என்ன? எங்கடை கரையிலை தென்னைக்கு அதுதானே."

"தென்னை தாங்கும். மிளகாய்க் கண்டு தாங்குமோ? பச்சையாய் வைச்சால் சூடு கண்டு வேரைத் தின்னும். கிடங்கு வெட்டி உக்கவிடு."

"உக்கவிட்டால் நாறாதோ? இப்பவே உங்கடை ஆக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டெல்லோ போகினம்."

"மேலை மண் போட்டு மூடினால் நாறாது."

"உங்கடை ஆக்களின்ரை மூக்குக்கு மண் போட்டாலும் நாறும்."

சிரித்துவிட்டேன். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் கிடங்கு எங்கே வெட்டுவது என்று காட்டினேன். பூவரச நிழலில், கிணற்றுக்குத் தூரத்தில். அடியில் ஓலை, அதன்மேல் மீன், அதன்மேல் பச்சைக் குழை, சாணிக் கரைசல், பிறகு ஓலைக் கடகத்தில் அள்ளி, கடகம் கடகமாக மண். இப்படி அடுக்கிக்கொண்டே போகவேண்டும். சாம்பலைக் கிடங்கில் போட்டால் எருவின் வீரியம் ஆவியாகப் போய்விடும், அதை இலைக்கு வைத்துக்கொள் என்றும் சொன்னேன். மீன் மீனாக இல்லாமல் மண்ணாகும்வரை தொடவேண்டாம் என்றேன். அவர் அப்படியே செய்தார். அடுத்த வருடக் கத்தரிக்காய் ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை. நன்றிக்கு ஒரு வண்டில் சாதாளை பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு வந்தது. வாங்கிப் பரப்பினேன்.

ஆகவே அந்தக் கிடங்கு என் கிடங்கும்தான். இதை வாசிப்பவர் மறக்கக்கூடாது.

மடத்துக்கு முன்பு காய்கறி கொடுத்துவந்தவர் ஊரின் பெரிய தோட்டக்காரர். அந்தப் பெண்ணின் காய் வரத் தொடங்கியதும் அவருடைய காய் இரண்டாம் இடத்துக்குப் போனது. சமையற்காரர்கள் முதலில் அந்தப் பெண்ணின் கடகத்தைத்தான் பிரித்தார்கள். தோட்டக்காரர் அதை மனதில் வைத்துக்கொண்டிருந்தார்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலை, தெருவெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. எவருடையதோ ஒரு நாய் அந்தப் பெண்ணின் புதுக் கிடங்கைக் கிளறி, உக்கியும் உக்காத ஒரு மீன்தலையைக் கவ்விக்கொண்டு வந்து கோயில் வாசலுக்கு நேரே போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தோட்டக்காரருக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

மடத்தில் கூடினோம். மனேச்சர் நடுவில் இருந்தார். கோயிலுக்கு மட்டுமல்ல, எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் மனேச்சர்.

"மீனைப் புதைச்சுக் காய் எடுக்கிறாள்," என்றார் தோட்டக்காரர். "அதைத்தான் படைச்சுப்போட்டு நாங்கள் இவ்வளவு காலமும் தின்னுறம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப உவளின்ரை கத்தரிக்காய்க்கு முள்ளு எடுத்தோ கறி வைக்கிறது?"

"பாவற்காயைப் பார்த்தனியளோ? செதிலோடைதான் காய்ச்சிருக்கு," என்றார் இன்னொருவர்.

மடம் குலுங்கியது. நானும் சிரித்தேன்.

"பகிடியை விடுங்கோ," என்றார் மனேச்சர். "படிச்ச மனிசன் ஒருத்தர் இருக்கிறார். வாத்தியார், நீர் சொல்லும். வேர் அடியிலை கிடக்கிறதைக் குடிக்குமோ, குடியாதோ?"

அதற்குச் சரியான பதில் என் நாக்கிலேயே இருந்தது. உக்கிய பிறகு மீனும் இல்லை, இலையும் இல்லை, சாணியும் இல்லை. எல்லாம் ஒரே உப்பு, வேருக்கு அந்த உப்பு மட்டும்தான் தெரியும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் முன்னே இருந்தார்கள்.

"குடிக்கும்," என்றேன்.

"அப்ப காய் மச்சமோ?"

"மச்சம் எண்டுதான் சொல்லவேணும்."

அந்தப் பெண் மடத்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. அங்கிருந்தே கத்தினார்.

"வாத்தியார்! கிடங்கு வெட்டச் சொன்னது ஆர்? உக்கவிடச் சொன்னது ஆர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குழை தாழ்க்கிறதைப் பற்றித்தான் சொன்னனான்," என்றேன். "மீனைப் பற்றி நான் கதைக்கேல்லை."

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இதுதான் கேவலமானது.

அவர் வாசற்படிக்கு இன்னும் கிட்ட வந்தார். பிறகு சொன்னார்: "மீனுக்கு மேலை எத்தினை கடகம் மண் போடவேணும் எண்டு கணக்காய்ச் சொன்னனீங்கள். உங்கடை வாய்க்கு மேலை எத்தினை கடகம் போட்டவை?"

"உவளைப் போகச் சொல்லுங்கோ," என்று யாரோ சொன்னார்கள். "தெளிச்ச தெருவிலை நிக்கிறாள்."

போனார்.

ஏன் சொன்னேன்? மனேச்சர் என்னை மிரட்டவில்லை. அவர் கையில் என் வேலை இருந்தது உண்மை. ஆனால் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் முகத்தைச் சுளித்திருப்பார், அவ்வளவுதான். படித்த மனிதன் என்று சபையில் என்னைக் காட்டியது இனித்தது. அந்தக் கிடங்கில் என் கை இருந்தது வெளியே வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தன. ஒரு பெண்ணின் பிழைப்பு அதற்கிடையில் நசுங்கியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடக் கொட்டிலில் ஒரு சாக்கு இருந்தது. விவசாயப் பகுதியார் தந்தது. சாக்கில் ஆங்கில எழுத்து. உள்ளே எலும்புத் தூள். மாட்டு எலும்பை அரைத்த தூள்! அதை என் கையாலேயே பள்ளிக்கூடக் கத்தரிப் பாத்திக்குப் போட்டேன். அந்தக் கத்தரிக்காயும் ஒவ்வொரு திருவிழாவிலும் மடத்துக்குப் போனது. அதை மச்சம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூக்கைப் பொத்தவும் இல்லை.

மடத்தில் கூடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திருவிழா முடிந்த மறுநாள் மீன் வாங்க ஆள் அனுப்புகிறவர்கள். தோட்டக்காரர் வீட்டுக் கொல்லைப்புறப் படலை வாசலில் அந்தப் பெண்ணின் கணவருடைய வண்டில் எத்தனையோ தரம் நின்றதை நானே கண்டிருக்கிறேன். கருவாட்டை வாங்கி அடுக்களைக்குள் கொண்டுபோகலாம். வாயில் போட்டு மெல்லலாம். அதே மீனின் தலை மண்ணோடு மண்ணாகிக் கத்தரிக்காயாக வந்தால் மட்டும் தீட்டு! பட்டி ஆட்டின் மூத்திரத்தை மண் ஏற்றுக்கொள்கிறது, மீனைத்தான் ஏற்கமாட்டாதாம்! அந்த மடத்தில் ஒருவருக்கும் மீன் நாறவில்லை. அந்தப் பெண் எங்கே பிறந்தவர் என்பதுதான் நாறியது. கலட்டி கலட்டியாகக் கிடந்தவரை அது நாறவில்லை. காய்த்துக் குலுங்கியபோதுதான் நாறியது.

திருவிழா முடியுமுன்னே அவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். பிஞ்சும் பூவுமாக நின்ற தோட்டத்தை விட்டுவிட்டு, சட்டி பானையையும் மண்வெட்டியையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வண்டில் ஊருக்குள் இனி வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். கருவாடு வேண்டியவர்கள் அதற்குப் பிறகு சந்திக்குப் போய் வாங்கினார்கள்.

அந்த நிலத்தை மனேச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு என்றால் எனக்கு.

நான் மறுக்கவில்லை. மாரி மழை பெய்து ஓய்ந்ததும் அதே பாத்திகளில் கத்தரி நட்டேன். பூவரசின் கீழே அவர் மூடிவிட்டுப் போன பழைய கிடங்கு நன்றாக உக்கிக் கறுத்து, நனைந்த கோப்பித்தூள் போல இருந்தது. அதிலிருந்து கடகம் கடகமாக எடுத்துக் கன்றுகளுக்கு வைத்தேன். வேறு எரு என்னிடம் இருந்தது. இருந்தும் அதைத்தான் எடுத்தேன், அது நல்ல எரு என்பதால். திருவிழா வந்தபோது எங்கள் கத்தரிக்காய் முதல் இடத்தில் இருந்தது. மடத்தில் வாழையிலைக்கு முன்னால் இருந்த மனேச்சர், பாற்கறியாக வைத்த கத்தரிக்காயைச் சோற்றோடு குழைத்துக்கொண்டு, "சைவக் கத்தரிக்காய் எண்டால் இதெல்லோ" என்றார். தோட்டக்காரர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

அதே மண். அதே மீன். நான் பரிமாறிக்கொண்டு நின்றேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு அலுவலாகப் பருத்தித்துறைக்குப் போனேன். சந்தையில் அவர் கீரைக் கட்டுகளை வைத்துக்கொண்டு இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"ஆர் உது, வாத்தியாரோ? எங்கடை தோட்டம் இப்ப உங்கடை கையிலையாம். கத்தரிக்காய்க்கு இப்பவும் செதில் முளைக்குதோ?"

பக்கத்துப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கிட்டப் போய் நின்றேன். என் பேரில் ஒரு காணித்துண்டு இருக்கிறது, அதில் வந்து பயிர் செய்யலாம் என்றேன்.

"உங்கடை காணியிலையோ? அங்கை நான் நட்டால் உங்கடை பேருக்குத்தான் காய்க்கும். ஆரும் ஏதும் சொன்னால் திரும்பவும் என்னைத்தான் கலைப்பியள்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"கோயிலிலை சொன்னதைக் கோயிலிலை மாத்திச் சொல்லுங்கோ. அதே ஆக்களுக்கு முன்னாலை. பிறகு என்ரை கிடங்கிலை கிடக்கிற எருவைக் கொண்டுவந்து தாங்கோ. அது நான் தாழ்த்தது. இஞ்சை வெறும் மணல், ஒண்டும் நிண்டு பிடிக்குதில்லை."

அவர் கேட்டது அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கும் எனக்கு அடுத்த திருவிழா வரை துணிவு வரவில்லை. வெட்கப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடத்துத் திருவிழா ஒழுங்குகளுக்காக மடத்தில் கூடினோம். காய்கறிப் பேச்சு வந்தது. நான் எழுந்தேன். அந்தப் பெண்ணின் காய் மச்சம் என்று நான் சொன்னது பொய், கிடங்கில் மீன் தாழ்க்கும் முறையைக் காட்டிக்கொடுத்ததே நான்தான் என்றேன். போன வருடம் எல்லோரும் ருசித்துச் சாப்பிட்ட கத்தரிக்காய் அதே மண்ணில், அதே கிடங்கு எருவில் விளைந்தது என்றும் சொன்னேன். பள்ளிக்கூடப் பாத்தியில் போட்டது மாட்டெலும்பு என்றும் சொல்லிவிட்டேன்.

வாந்தி எடுப்பார்கள், ஆளுக்கு ஆள் எழும்பிப் போவார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மனேச்சர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எலும்புத் தூள் அரசாங்கம் தந்ததெல்லோ. அது மருந்து மாதிரி. மற்றது, மாரி மழை பெய்து கழுவிப்போட்டுது. மண்ணுக்குத் தீட்டில்லை வாத்தியார்."

"அப்ப அவவின்ரை காலத்திலை மாரி மழை பெய்யேல்லையோ?"

"அது வேறை."

"என்ன வேறை? அவவுக்கு அந்த நிலத்தைத் திருப்பிக் குடுங்கோ."

தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியாருக்கு அந்தக் கரைப் பெண்ணிலை என்ன இவ்வளவு உருக்கம்?"

மறுபடியும் மடம் குலுங்கியது. அதே சிரிப்பு. என் நியாயம் முழுவதையும் அந்த ஒரு கேள்வி தின்றுவிட்டது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. சிரிப்பு அடங்கிய பிறகு மனேச்சர் மிகவும் அமைதியாக, தோட்டத்தை நான் விட்டுவிடலாம், வேறு ஆள் இருக்கிறார் என்றார். வேறு ஆள் தோட்டக்காரர்தான். இரண்டு கிழமை கழித்து அவர் அங்கே துலா நட்டார்.

அவர் வருமுன் கிடங்கைத் தோண்டினேன். ஊர் வண்டிற்காரர் ஒருவரைக் கேட்டேன். "எருவெண்டால் ஏத்துவன் வாத்தியார். உது எருவோ, மீன் பிணமோ ஆருக்குத் தெரியும்?" என்றார். மழை கழுவிய கதை அவருக்கு இன்னும் எட்டவில்லை போலும். எங்கள் வீட்டு வண்டிலையே பூட்டினேன். அம்மா படலையில் வந்து நின்றார்.

"ஊர் சிரிக்குது. உனக்கு விசரோ? வண்டிலைக் கழுவாமல் வளவுக்குள்ளை கொண்டுவராதை, சொல்லிப்போட்டன்."

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே வெட்டி, நானே கடகத்தில் சுமந்து ஏற்றினேன். வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரிந்தன. விடியப் புறப்பட்டேன். வழியில், மரமில்லாத வல்லை வெளியில் காற்று எருவை வாரி முகத்தில் அடித்தது. வெயில் சாயும் நேரத்தில் கரையில் அவருடைய கொட்டிலைத் தேடிப் பிடித்தேன்.

அவர் வண்டிலில் ஏறி ஒரு பிடி எருவை எடுத்து நசுக்கிப் பார்த்தார். மோந்தார்.

"நல்லாய்த்தான் உக்கியிருக்கு." பிறகு வண்டிலை ஒருமுறை பார்த்தார். "மிச்சம் எங்கை?"

"அவ்வளவுதான்."

"கழுத்தளவு கிடங்கு வாத்தியார் அது. அரைவாசிகூட இல்லை."

"நான்தான் கத்தரிக்கு வைச்சிட்டன்," என்றேன்.

"ஓகோ." கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். "அப்ப மிச்சத்தைக் கோயில் சாப்பிட்டிட்டுது." கொட்டிலைப் பார்த்துக் கணவரிடம் சத்தமாகச் சொன்னார்: "கேட்டியளோ, எங்கடை மீன்தலையெல்லாம் சாமிக்குப் படைச்சாச்சாம்!" உள்ளே கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

மடத்தில் நடந்ததைச் சொன்னேன். மழை கழுவிவிட்டதாம் என்றபோது மட்டும் காறித் துப்பினார். நிலம் தோட்டக்காரர் கைக்குப் போனதையும் சொன்னேன். எருவை எங்கே கொட்டவேண்டும் என்று அவர் விரலால் காட்டிவிட்டு நின்றார். நான் தனியே இறக்கினேன். உதவிக்கு அவரும் வரவில்லை, கணவரும் வரவில்லை. அது சரிதான்.

இறக்கி முடித்ததும் தொண்டை காய்ந்து ஒட்டியது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரவன் தன் கையால் வாங்கிக் குடிக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்லி, அதையும் ஏன் அவர் கேட்டு நிற்கவேண்டும்?

"கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்றேன்.

அன்றைக்குத்தான் முதல்முதல் அவரோடு மரியாதையாகக் கதைத்தேன்.

செம்பைக் கழுவி நிறைத்துக் கொண்டுவந்தார். கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "குடிச்சிட்டுப் போய் ஊரிலை சொல்லுவியளோ?"

"சொல்லுவன்."

தந்தார். அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்தே குடித்தேன்.

வீட்டுக்கு வந்து, அம்மா சொன்னபடி வண்டிலைத் தெருவிலேயே கழுவினேன். கிணற்றடியில் தோய்ந்து குளித்துவிட்டு உள்ளே போனேன். பகல் முழுவதும் சாப்பிடவில்லை. அம்மா சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்தார், சோறு போடவில்லை.

"அங்கை அவையின்ரை வீட்டிலை தண்ணி வென்னி ஏதும் வாயிலை வைச்சனியோ?"

"இல்லையம்மா," என்றேன்.

சோறு போட்டார். சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் அந்த மணலில் கத்தரி காய்த்தது. பெரிய காய் அல்ல, எருக் குறைவு. பருத்தித்துறைச் சந்தையில் அவர் முன்னால் ஒரு சிறு குவியல் கிடந்ததைக் கண்டேன். எனக்கும் தாருங்கள் என்றேன். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித் தராசில் வைத்தார். பையில் போட்டுத் தந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஊரிலை சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லை."

அவர் தராசைத் துடைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.